ஜேம்ஸ் பனானா யார்?

பல்கலைக்கழகத்தில் ஊடகக்கற்கை படித்த நாட்களில், நண்பனின் மடிகணினியில் 'காசில்வேனியா' என்ற பழைய ஜப்பானிய வீடியோ கேமை ஒருவழியாக முடித்தேன். 1986இல் கொனாமி கம்பனி வெளியிட்டது. டிராகுலாவைக் கொன்றதும், படம் முடிந்ததுபோல் பெயர்கள் ஓடின. இசை: ஜேம்ஸ் பனானா. வாழைப்பழமா என்று சிரித்தோம். பழைய டிராகுலா படமொன்றுக்கு இசையமைத்த ஜேம்ஸ் பேர்னாட்டின் பெயரை வைத்துச் செய்த பகிடி அது என்று பிறகுதான் தெரிந்தது. உண்மையில் இசையமைத்தவர்கள் கினுயோ யமஷித்தா, சத்தோயே தெராஷிமா என்ற இரு பெண்கள்.

புனைபெயர் எங்களுக்குப் புதிதல்ல. போர்க்காலத்தில் செய்தி எழுதியவர்கள் உயிருக்காகப் பெயரை மறைத்தார்கள். ஆனால் பேய்க்கோட்டை விளையாட்டுக்கு இசை போட்டவர் ஏன் ஒளியவேண்டும்?

பெயர் மறைக்கும் பழக்கம் அமெரிக்காவில், அட்டாரி கம்பனியில் இன்னும் கடுமையாக இருந்தது. அங்கே புனைபெயர்கூட இல்லை. பெட்டியில் கம்பனியின் பெயர் மட்டும்தான். அந்தக் காலத்தில் ஒரு விளையாட்டை ஒருவரே தனியாக முழுவதும் செய்தார்: யோசனை, நிரல், படம், ஓசை எல்லாம். வொரன் றொபினெற் அப்படித்தான் 'அட்வென்ச்சர்' என்ற விளையாட்டைச் செய்தார். அவர் பின்னர் சொன்ன கணக்கின்படி, அவருக்கு வருடச் சம்பளம் சுமார் 22,000 டொலர். விளையாட்டு ஒன்று 25 டொலர். விற்றதோ பத்து இலட்சம் பிரதிகள்.

கோபத்தை அவர் நிரலுக்குள் வைத்தார். தரையின் நிறத்திலேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி. அதைக் கண்டெடுத்துச் சரியான இடத்துக்குக் கொண்டுபோனால் சுவர் வழிவிடும்; அப்பால் உள்ள அறையில் அவருடைய பெயர் மின்னும். முழு விளையாட்டுக்கும் கிடைத்த இடமே 4 கிலோபைற். அதற்குள்ளும் தன் பெயருக்கு இடம் பிடித்தார். ஒருவருக்கும் சொல்லாமல் 1979இல் வேலையை விட்டுப்போனார். பிறகு சிறுவன் ஒருவன் அதைக் கண்டுபிடித்துக் கம்பனிக்குக் கடிதம் எழுதினான். அச்சான சில்லை மாற்றச் செலவு அதிகம் என்பதால் அறை அப்படியே இருந்தது. வீடியோ கேம்களில் ஒளித்துவைக்கும் இரகசியங்களை 'ஈஸ்டர் முட்டை' என்று அழைப்பது இதிலிருந்துதான் பரவியது.

அதே 1979இல் டேவிட் கிரேன், லரி கப்லன், அலன் மில்லர், பொப் வைற்ஹெட் ஆகிய நால்வர் அட்டாரியை விட்டு விலகினார்கள். பெயரும் இலாபத்தில் பங்கும் கேட்டார்கள், கிடைக்கவில்லை. அக்டிவிஷனைத் தொடங்கி, விளையாட்டைச் செய்தவரின் பெயரைப் பெட்டியிலும் படத்தைக் கையேட்டிலும் போட்டார்கள்.

ஜப்பானியக் கம்பனிகள் பயந்ததும் இதற்குத்தான். நல்ல கைகாரர் யார் என்று தெரிந்தால் போட்டிக் கம்பனி கூடுதல் சம்பளம் கொடுத்து இழுத்துக்கொள்ளும் என்பதே, அங்கு வேலை செய்த பலர் பின்னர் நேர்காணல்களில் சொன்ன காரணம். சிறிய குழுவில் ஒருவர் போனாலே அடுத்த விளையாட்டு நின்றுவிடும். அதனால் பட்டப்பெயர்கள். 1987இல் கப்கொம் வெளியிட்ட 'மெகா மேன்' விளையாட்டில் கெய்ஜி இனாஃபுனே 'இனாஃப்கிங்' ஆனார். இயக்கிய அகிரா கித்தாமுரா வெறும் 'ஏ.கே.'. தொடர்ந்து வந்த இரண்டாம் பாகத்தில் ஒருவர் 'யூகிச்சானின் அப்பா'. இதில் சிலர் விளையாட்டாகவே பட்டப்பெயர் தெரிவுசெய்திருக்கவும் கூடும். ஆனால் விரும்பினாலும் சொந்தப் பெயரைப் போடமுடியாது என்றால் பகிடி எங்கே இருக்கிறது?

வேலை தேடும்போதுதான் இதன் கனம் புரியும். தொடக்கத்தில் பெயர் போடாமல் நான் எழுதிக்கொடுத்த செய்திகளை, என்னுடையவை என்று இன்று யாருக்கும் காட்டமுடியாது.

யமஷித்தா பிறகு கொனாமியை விட்டு வெளியேறித் தனியாக இசையமைத்தார். 'காசில்வேனியா' இசை யாருடையது என்பதை இரசிகர்கள் நிரலிலிருந்து அல்ல, அவரிடமிருந்தும் அவரோடு வேலை செய்தவர்களிடமிருந்தும்தான் கேட்டறிந்தார்கள். விளையாட்டின் முடிவில் இன்றும் ஓடுவது ஜேம்ஸ் பனானாதான்.