கற்பனை மாந்தருக்குச் சிந்தும் கண்ணீர்

கதையில் வரும் ஒருத்தி இறந்தால் நாம் ஏன் அழுகிறோம்? அவள் பிறந்ததே இல்லை என்பதை அறிவோம். ஆசிரியர் மனம் வைத்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்பதையும் அறிவோம். அறிந்திருந்தும் கண் கலங்குகிறது. இவ்வினா மிகப் பழையது. உள்ளத்து உணர்ச்சி மெய்யில் வெளிப்படும் வகைகளை எட்டாகப் பகுத்து, மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலையே வகுத்தது தொல்காப்பியம். மேடையில் காணும் துயரம் காண்போர் நெஞ்சில் சுவையாக மாறும் விந்தையைப் பரதரின் நாட்டிய சாத்திரம் ஆராய்ந்தது.

இக்கண்ணீரைப் பழித்த பெரியோரும் உளர். வட ஆப்பிரிக்காவில் பிறந்த அகஸ்டின் என்னும் கிறித்தவ ஞானி, ஏறத்தாழ கி.பி. 400-ஆம் ஆண்டளவில் தம் வாழ்க்கையை எழுதினார். இளமையில் வர்ஜிலின் காவியத்தைப் படித்து, டைடோ என்னும் அரசி மாண்டதற்காக அழுத தாம், தம் ஆன்மாவின் கேட்டுக்காக அழாது போனதை எண்ணி அவர் அதில் வருந்தினார். 1758-இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய ரூசோ இன்னும் கடுமையாகச் சாடினார். நாடகத்தைக் கண்டு அழுதவன், இரக்கத்தின் கடனை அடைத்துவிட்டதாக நிறைவு கொண்டு வீடு திரும்புகிறான். உண்மையில் துன்புறுவோருக்குக் கொடுக்க அவனிடம் ஒன்றும் எஞ்சுவதில்லை என்பது அவர் கருத்து. இக்குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட இயலாது. வரலாறு இதற்கு என்ன விடை தருகிறது என்று பார்ப்போம்.

பத்தாண்டுகள் பழகிய அண்டைவீட்டாரின் பேச்சை நாம் அறிவோம்; அவர் நெஞ்சை அறியோம். கதைமாந்தரின் நெஞ்சையோ ஆசிரியர் நமக்குத் திறந்து காட்டிவிடுகிறார். பாசத்திற்கு இது முதற்காரணம். அவர்களோடு நாம் கழிக்கும் காலம் இரண்டாவது காரணம். தொடர்கதை பிறந்த பின்னர் இந்த இரண்டாவது காரணம் பெருவலிமை பெற்றது.

1840-41-இல் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய தொடர்கதை ஒன்றில் நெல் என்னும் சிறுமி நலிந்து வந்தாள். அவளைச் சாகவிட வேண்டா என்று வாசகர்கள் ஆசிரியருக்குக் கடிதம் எழுதி மன்றாடினர். 1893 டிசம்பரில் கானன் டாயில் தம் துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸின் கதையை முடித்தபோது வாசகர்கள் சீற்றம் கொண்டனர். 1903-இல் அவரை உயிரோடு மீட்டுவர நேர்ந்தது. தமிழகமும் இதற்கு விலக்கன்று. 1950-இல் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் வாரந்தோறும் வெளிவந்தது. கதை நிறைவுற்றதும், இன்னின்னார் பிறகு என்ன ஆயினர் என்று வாசகர்கள் கேட்கவே, கல்கி அதற்கு விடையாக முடிவுரை ஒன்று எழுதினார். ஊருக்குப் போன உறவினரின் நலம் விசாரிப்பது போன்ற கேள்வி அது!

ஒலிபரப்பு வந்ததும் இவ்வுறவு வீட்டுக்குள்ளேயே குடிபுகுந்தது. குறித்த வேளையில், பழகிய குரலில் ஒருவர் நம் கூடத்தில் பேசுகிறார். 1956-இல் ஹார்ட்டன், வோல் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள், நேயருக்கும் ஒலிபரப்பில் தோன்றுவோருக்கும் இடையே அரும்பும் இந்த ஒருதலை நட்பை ஆராய்ந்து அதற்குப் பெயரும் சூட்டினர்.

நம் நாட்டில் 1984 ஜூலை முதல் 1985 டிசம்பர் வரை தூர்தர்ஷன் ‘ஹம் லோக்’ என்னும் இந்தித் தொடரை 156 பகுதிகளாக ஒளிபரப்பியது. நடுத்தரக் குடும்பம் ஒன்றின் கதை அது. நேயர்களிடமிருந்து ஏறத்தாழ நான்கு லட்சம் கடிதங்கள் வந்தன. ஆனால் ஒரு விந்தை நிகழ்ந்தது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு அடங்கி வாழும் தாய் பாகவந்தியைக் கண்டு, இவ்வாறு வாழலாகாது என்று பெண்கள் உணர்வார்கள் எனத் தொடரை அமைத்தோர் எதிர்பார்த்தனர். பெண்களில் பலரோ அவளையே போற்றத்தக்க முன்மாதிரியாகக் கொண்டனர். ஆசிரியர் வகுத்த வாய்க்காலிலேயே அன்பு ஓட வேண்டும் என்ற விதி இல்லை.

ரூசோவுக்கு விடை கிடைத்தது ஒரு சிற்றூரில். 1996 பிப்ரவரியிலிருந்து ஓராண்டுக் காலம் ‘திங்கா திங்கா சுக்’ என்னும் நாடகத்தை அகில இந்திய வானொலி இந்தியில் 104 பகுதிகளாக ஒலிபரப்பியது. சிறுசிறு துரும்புகளாகச் சேரும் இன்பம் என்பது அத்தலைப்பின் கருத்து. அதில் பூனம் என்னும் புதுமணப்பெண், கொண்டுவந்த சீர் போதவில்லை என்று புக்ககத்தாரால் அடித்துத் துன்புறுத்தப்பட்டு, வீண்பழிக்கும் ஆளாகி, உயிரை மாய்த்துக்கொள்கிறாள்.

உத்தரப் பிரதேசத்தில் லுட்சான் என்னும் கிராமத்தார் இக்கதையைக் கூடிக் கேட்டனர். கேட்டபின் தமக்குள் விவாதித்தனர். அவ்வாண்டு டிசம்பரில் பெரிய தாள் ஒன்றில் எழுதிய கடிதம் அவ்வூரிலிருந்து வானொலிக்கு வந்தது. வரதட்சிணை கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை என்று உறுதி பூண்டு 184 பேர் அதில் கையொப்பமிட்டிருந்தனர். வரதட்சிணையை விலக்கும் சட்டம் 1961-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். சட்டம் முப்பத்தைந்து ஆண்டுகளாக ஏட்டில் இருந்தது. பூனமோ சில மாதங்களே காற்றில் வாழ்ந்தாள்.

பின்னர் ஆராய்ச்சியாளர்கள் அவ்வூருக்குச் சென்றனர். பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புவது பெருகியிருந்ததைக் கண்டனர். பழைய வழக்கத்தை விடுவதற்கு எதிர்ப்பும் தயக்கமும் இருந்ததையும் மறைக்காமல் எழுதினர். ஒரு நாடகம் ஓர் ஊரை முற்றிலும் மாற்றிவிட்டது என்று நாம் முரசறைய வேண்டுவதில்லை. அவர்கள் கண்ட உண்மை அதனினும் நுட்பமானது. பூனத்தின் மீது எழுந்த இரக்கம் மட்டுமே அக்கடிதத்தை எழுதவில்லை. அவளைப் பற்றி ஒருவரோடொருவர் பேசிய பேச்சே எழுதியது. தன் வீட்டு மருமகளைப் பற்றி ஊரார்முன் வாய் திறக்க நாணுபவரும் பூனத்தைப் பற்றித் தயங்காது பேசலாம் அல்லவா? அவள் யார் வீட்டுப் பெண்ணும் அல்லள். ஆகையால் எல்லார் வீட்டுப் பெண்ணும் ஆனாள்.

ரூசோ கண்டது பொய்யன்று. தனியே அழுது, தனியே கண்ணைத் துடைத்துக்கொள்பவனிடம் அந்த இரக்கம் அங்கேயே வற்றிவிடவும் கூடும். ஆனால் கற்பனை மாந்தரை நேசிப்பது பேதைமை அன்று. அது உள்ளம் பெறும் பயிற்சி. கேட்ட கதையை வீட்டாரோடும் அண்டையாரோடும் பேசத் தொடங்கினால், அந்தப் பயிற்சி செயலாகவும் கனியும். லுட்சான் மக்கள் இட்ட 184 கையொப்பங்கள் அதற்குச் சான்று.