பிரயாணச் சுவரொட்டிகளும் அவற்றைச் சேர்த்தவர்களும்

சரித்திரம் எழுதப் புகுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் அரசாங்க ஏடுகளையும் தேடுவது வழக்கம். அவையெல்லாம் நிலைத்திருக்க வேண்டும் என்னும் எண்ணத்துடனேயே ஆக்கப்பட்டவை. சுவரொட்டி அவ்வாறன்று. பசை தடவிச் சுவரில் ஒட்டப்பட்டு, மழையில் நனைந்து, வெயிலில் வெளுத்து, சில வாரங்களுக்குள் மற்றொரு சுவரொட்டியின் அடியில் மறைந்துபோவதே அதற்கு விதிக்கப்பட்ட வாழ்வு. ஆயினும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் சைக்கிளையும் ரயில் பிரயாணத்தையும் விளம்பரப்படுத்த ஐரோப்பாவில் அச்சிடப்பட்ட பல சுவரொட்டிகள் இன்று அருங்காட்சியகங்களில் பேணப்படுகின்றன. ஏலங்களில் பெருந்தொகைக்கு விலைபோகின்றன. கிழிபட வேண்டிய காகிதம் பேழைக்குள் புகுந்தது எப்படி? அது நமக்குச் சொல்வது என்ன, சொல்லாமல் விடுவது என்ன? இவ்வினாக்களுக்கு விடை காண்போம்.

முதலில் சுவரொட்டி பிறந்த விதத்தை அறிதல் வேண்டும். கல்லச்சு என்று நாம் வழங்கும் முறையை 1790-களின் பிற்பகுதியில் மூனிக் நகரில் கண்டுபிடித்தவர் அலோய்ஸ் செனபெல்டர். வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின்மீது எண்ணெய்ப் பசையுள்ள கோலால் படம் வரைவார்கள். பின்னர்க் கல்லை நீரால் நனைத்து மையை உருட்டினால், மை படத்தில் மட்டும் ஒட்டும். ஈரமான இடத்தில் ஒட்டாது. ஒவ்வொரு வண்ணத்திற்கும் ஒவ்வொரு கல் தேவை. இம்முறையைப் பெரிய அளவிலான வண்ணச் சுவரொட்டிகளுக்கு ஏற்றபடி வளர்த்தவர் ஜூல் ஷெரே என்னும் பிரெஞ்சுக்காரர். இளமையிலேயே அச்சுக்கூடத்தில் தொழில் பயின்ற அவர், லண்டனில் சில ஆண்டுகள் பணியாற்றிய பின், 1866-ஆம் ஆண்டில் பாரிஸில் சொந்த அச்சுக்கூடம் நிறுவினார். தம் வாழ்நாளில் ஏறத்தாழ ஆயிரம் சுவரொட்டிகளை அவர் வரைந்தார். 1890-இல் பிரெஞ்சு அரசாங்கம் அவருக்கு லீஜியன் ஆப் ஆனர் விருதளித்துச் சிறப்பித்தது.

சட்டமும் இக்கலைக்குத் துணைநின்றது. 1881-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் பிரான்சில் நிறைவேறிய பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் சுவரொட்டிகளுக்கும் வழிதிறந்தது. வெள்ளைக் காகிதத்தில் அச்சிடும் உரிமையை அரசாங்க அறிவிப்புகளுக்கு மட்டும் அச்சட்டம் ஒதுக்கியது. தனியார் சுவரொட்டிகள் அரசாங்க அறிவிப்புகளினின்று வேறுபட்டுத் தோன்ற வேண்டியதாயிற்று. இவ்வாறு பாரிஸ் நகரின் சுவர்கள் வண்ணமயமாயின.

அதே காலத்தில் சேகரிப்பாளர்களும் தோன்றினர். 1884-இல் எர்னஸ்ட் மேந்திரோன் என்பவர் படச் சுவரொட்டிகளைப் பற்றிக் கலைப் பத்திரிகையொன்றில் கட்டுரை எழுதினார். 1886-இல் அதனை விரித்து நூலாக்கினார். எட்மோன் சாகோ என்னும் வியாபாரி, பழைய ஓவியங்களை விற்பதுபோலவே சுவரொட்டிகளையும் பட்டியலிட்டு விற்றார். ஆர்வம் மிகுந்தவர்கள் ஒட்டுகிற தொழிலாளிக்குக் கைக்கூலி கொடுத்துப் புதுப்படிகளை வாங்கினார்கள். சிலர் இரவில் ஈரப் பஞ்சுடன் சென்று பசை காயுமுன் உரித்தெடுத்தார்கள். இந்த மோகத்திற்கு எழுத்தாளர் ஒக்தாவ் உசான் 'சுவரொட்டிப் பித்து' என்று பொருள்படும் புதுச் சொல்லையே படைத்தார். சுவரில் ஏறி உரிக்க இயலாதோர்க்காக 1895 டிசம்பர் முதல் 1900 நவம்பர் வரை மாதந்தோறும் நான்கு சுவரொட்டிகளைச் சிறிய அளவில் அச்சிட்டுச் சந்தாதாரர்களுக்கு அனுப்பும் வெளியீடு ஒன்றும் நடைபெற்றது. அதில் மொத்தம் 256 படங்கள் வந்தன. பித்து என்று நகைத்தவர்கள் உண்டு. ஆனால் அப்பித்தர்கள் இல்லையேல் அந்நாளைய பாரிஸ் தெருவின் தோற்றம் நமக்கு எட்டியிராது.

இனிச் சைக்கிள் சுவரொட்டிகளைக் காண்போம். 1885-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒத்த அளவுள்ள ரோவர் சைக்கிளை உருவாக்கினார். 1888-இல் பெல்பாஸ்ட் நகரின் கால்நடை மருத்துவர் டன்லப் காற்றடைத்த டயரைத் தந்தார். 1891-இல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் வரை சென்று மீளும் நெடும்பந்தயத்தில் ஷார்ல் தெரோன் வெற்றி பெற்றார். கழற்றி மாட்டக்கூடிய மிஷலின் டயர்கள் அவருடைய வண்டியில் பொருத்தப்பட்டிருந்தன. அந்நாளில் ஒரு சைக்கிளின் விலை தொழிலாளி ஒருவரின் பல மாதக் கூலிக்குச் சமம். வாங்கும் ஆற்றலுடையோர் சிலர். விற்கும் கம்பெனிகளோ பல. ஆகவே ஓவியர்களுக்கு வேலை பெருகிற்று.

இச்சுவரொட்டிகளில் பெரும்பாலானவற்றில் பெண்ணே தலைமை வகிக்கிறாள். ருமேனியாவில் பிறந்த பாலியோலோக் போன்ற ஓவியர்கள் அவளைச் சைக்கிளுடன் வானில் பறக்கும் தேவதையாகவே தீட்டினார்கள். இவற்றை மட்டும் காண்போர், அக்காலப் பிரெஞ்சுப் பெண்கள் தடையின்றித் திரிந்தனர் என்றே எண்ணுவர். உண்மை வேறு. பெண்கள் கால்சட்டை அணிவதைத் தடுக்கும் 1800-ஆம் ஆண்டின் போலீஸ் ஆணை ஒன்று பாரிஸில் அப்போதும் நடைமுறையில் இருந்தது. 1892-இலும் 1909-இலும் வந்த சுற்றறிக்கைகள், கையில் சைக்கிளின் கைப்பிடியோ குதிரையின் கடிவாளமோ இருந்தால் மட்டும் அதற்கு இசைவளித்தன. அவ்வாணை செல்லாதென்று பிரெஞ்சு அரசாங்கம் வெளிப்படையாக அறிவித்தது 2013-இல்தான். சுவரொட்டியையும் சுற்றறிக்கையையும் அருகருகே வைத்துப் படித்தாலன்றி அப்பெண்ணின் நிலை விளங்காது.

ஓவியர் துலூஸ் லோத்ரெக்கின் அனுபவமும் கருதத்தக்கது. சிம்ப்சன் என்னும் ஆங்கிலேயர் புதுவகைச் சங்கிலி ஒன்றைச் செய்து, அது மற்றச் சங்கிலிகளைவிட வேகம் தரும் என்று பறைசாற்றினார். 1896-இல் அதற்காக லோத்ரெக் வரைந்த முதற் படத்தில் சங்கிலி பிழையாக அமைந்திருக்கிறது என்று கம்பெனியின் பிரதிநிதி தள்ளிவிட்டார். லோத்ரெக் மீண்டும் வரைந்த படமே சுவரேறியது. சிம்ப்சனின் சங்கிலி சில ஆண்டுகளில் வழக்கொழிந்தது. ஏற்கப்பட்ட படமும் தள்ளப்பட்ட படமும் இன்று ஒருங்கே போற்றப்படுகின்றன.

ரயில் பிரயாணச் சுவரொட்டிகளின் கதையும் இத்தகையதே. 1908-இல் எமில் கார்தினோ மாட்டர்ஹார்ன் சிகரத்தைத் தீட்டிய சுவிஸ் சுவரொட்டி புகழ்பெற்றது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் கிரேட் நார்தர்ன் ரயில்வேக்காக ஜான் ஹாசல், ஸ்கெக்னெஸ் கடற்கரையில் துள்ளிக் குதிக்கும் பருத்த செம்படவரை வரைந்தார். அதற்கு அவர் பெற்ற கூலி 12 கினி. அவ்வூரை அவர் முதன்முதலாக நேரில் கண்டது 1936-இல்தான் என்பர். 1927-இல் கசாந்தர் தீட்டிய 'வடவிண்மீன்' ரயிலின் சுவரொட்டியில் ரயிலே இல்லை. ஊரும் இல்லை, பிரயாணியும் இல்லை. தொடுவானில் ஒரு விண்மீனை நோக்கி ஓடும் தண்டவாளங்கள் மட்டுமே உள்ளன. ஊரைக் காட்டுவது இவற்றின் நோக்கமன்று. ஊர் செல்லும் ஆசையை மூட்டுவதே நோக்கம்.

சுவரொட்டி சேர்ப்பது வெறும் பொழுதுபோக்கு என்று கருதுவோர் ஹான்ஸ் சாக்ஸின் வரலாற்றை அறிய வேண்டும். பெர்லினில் பல் மருத்துவராயிருந்த அவர் பள்ளிப் பருவத்திலேயே சுவரொட்டி சேர்க்கத் தொடங்கினார். 1905-இல் சுவரொட்டி அன்பர் சங்கம் அமைப்பதில் முன்னின்றார். அதன் சார்பில் 1910 முதல் 1921 வரை பத்திரிகையும் நடத்தினார். அவரிடம் 12,500 சுவரொட்டிகள் சேர்ந்தன. அவர் யூதர். 1938-இல் நாஜிகள் அத்தொகுப்பு முழுவதையும் கைப்பற்றினார்கள். அதே ஆண்டு நவம்பரில் அவரைச் சிறைமுகாமில் அடைத்தனர். விடுதலையானதும் அவர் குடும்பத்துடன் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றார். தொகுப்பு அழிந்தது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார். 1961-இல் மேற்கு ஜெர்மன் அரசாங்கத்திடம் நஷ்டஈடும் பெற்றார். பின்னர் அதன் ஒரு பகுதி கிழக்கு பெர்லின் அருங்காட்சியகத்தில் இருப்பது தெரியவந்தது. ஆயினும் அதை அடையாமலே 1974-இல் காலமானார். அவருடைய மகன் வழக்குத் தொடுத்தார். 2012-இல் ஜெர்மனியின் உச்ச முறையீட்டு நீதிமன்றம், அவை வாரிசுக்கே உரியவை என்று தீர்ப்பளித்தது. நான்காயிரத்துக்கும் மேற்பட்ட சுவரொட்டிகள் திரும்பக் கிடைத்தன. தெருவில் கிழிந்துபோக வேண்டிய காகிதத்திற்காக 74 ஆண்டுகள் கழித்து நீதி பேசிற்று.

இன்று இத்துறையில் இறங்குவோர் எச்சரிக்கையாயிருத்தல் நலம். அசலையும் பிற்கால நகலையும் பிரித்தறிய உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று வேண்டும். நிழற்பட முறையில் எடுத்த நகலில் ஒழுங்கான புள்ளிகள் வரிசையாகத் தெரியும். கையால் வரைந்த கல்லச்சில் அவ்வரிசை இராது. அச்சகத்தின் பெயரும் வரி முத்திரையும் காலத்தைக் காட்டும். மரக்கூழ்க் காகிதம் பழுத்து நொறுங்கும் இயல்புடையது. ஆதலின் துணியில் ஒட்டுவதையும் பழுது நீக்குவதையும் பயின்றவரிடமே ஒப்படைக்க வேண்டும். வெயில் படும் சுவரில் மாட்டலாகாது.

நம் நாட்டிலும் இத்தகைய செல்வம் உண்டு. 1920-களிலும் 1930-களிலும் இந்திய ரயில்வேக்கள் வெளிநாட்டுப் பிரயாணிகளை அழைக்கும் பொருட்டு அழகிய சுவரொட்டிகளை வெளியிட்டன. கோவில்களும் அரண்மனைகளும் பனிமலைகளும் அவற்றில் ஒளிர்ந்தன. ஆனால் அந்நாளில் ரயிலேறியோரில் மிகப் பெரும்பாலோரான மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளை அவற்றில் காண முடியாது. அவர்களுடைய துன்பத்தை அறிய வேண்டுமாயின், 1917-இல் காந்தியடிகள் அதனைப் பற்றி வெளியிட்ட சிறு பிரசுரத்தைப் படிக்க வேண்டும். இரண்டும் ஒரே ரயிலைப் பற்றியவை. ஒன்றை மட்டும் காப்பாற்றினால் சரித்திரம் பாதியாகவே நிற்கும்.

பிழைப்புக்காக வடக்கேயும் மேற்கேயும் வந்து குடியேறிய தமிழர்களின் வீடுகளில் பழைய ரயில் அட்டவணையும், விமானக் கம்பெனியின் நாட்காட்டியும், ஊர்ச் சங்க விழாவின் அறிவிப்பும் பெட்டியின் அடியில் கிடக்கக்கூடும். அவற்றில் விலையுயர்ந்த கலை இல்லாதிருக்கலாம். ஆனால் யார் எங்கே, எப்படிச் சென்றார்கள் என்பதற்கு அவை சான்று. வீட்டைத் தூய்மை செய்யும் நாளில் அத்தகைய தாள் கைக்கு அகப்பட்டால், அதன் பின்புறம் ஆண்டையும் ஊரையும் பென்சிலால் மெல்லக் குறித்து, உலர்ந்த இடத்தில் மடிக்காமல் வையுங்கள். மேந்திரோனும் சாக்ஸும் தொடங்கியது இவ்வளவில்தான்.