மனையும் மனுவும்: உத்திரமேரூர் வட்டாரத்தில் திருச்சபைத் தன்னார்வப் பணியை எதைக் கொண்டு அளப்பது?

1. ஓலையில் ஏறும் பெயர்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள முதலாம் பராந்தகனின் கல்வெட்டுகள் இரண்டும் (கி.பி. 919, 921) பள்ளிப் பாடநூல் தொடங்கி 2020இல் நடந்த புதிய நாடாளுமன்றக் கட்டட அடிக்கல் நாட்டு விழா வரை எடுத்தாளப்பட்டவை. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு வாரியத்தாரைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறை என்றதும் ஊராட்சியின் தொன்மை பேசப்படுகிறது. யாருடைய பெயர் ஓலையில் ஏறலாம் என்று கல்வெட்டு வகுத்த பகுதி அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. கால்வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது 35க்கும் 70க்கும் இடைப்பட்டதாக இருக்க வேண்டும். வேதக் கல்வி வேண்டும். அரைக்கால்வேலி மட்டுமே உடையவராயினும் ஒரு வேதமும் ஒரு பாடியமும் (வேத உரை) வல்லவரானால் அவர் பெயரும் ஏறலாம். அதாவது, நிலத்தில் உள்ள குறையைக் கல்வி பாதியளவு ஈடு செய்தது. நிலமே இல்லாத நிலையை எந்தக் கல்வியும் ஈடு செய்யவில்லை. அந்தக் கல்வியும் பிராமணக் குடியிருப்பான சதுர்வேதிமங்கலத்துச் சபையாருக்கு மட்டுமே உரியது. சபைக்கு வெளியே, ஏரிப் பாசன நிலத்தில் உழைத்தவர்களுக்கு ஓலையும் இல்லை, குடமும் இல்லை.

ஆயிரம் ஆண்டு கடந்த இன்று, அதே வட்டாரத்தின் தலித் காலனிகளிலும் இருளர் பழங்குடிக் குடியிருப்புகளிலும் திருச்சபைத் தன்னார்வலர்கள் குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் பணி செய்கிறார்கள். அப்பணியை வழக்கமாக எண்ணிக்கையால் அளக்கிறோம்: எத்தனை பிள்ளைகள் மாலை வகுப்புக்கு வந்தார்கள், எத்தனை நோட்டுப் புத்தகங்கள் கொடுத்தோம், கிறிஸ்துமஸுக்கு எத்தனை புடவைகள். இக்கட்டுரை முன்வைக்கும் அளவுகோல் வேறு. அந்தக் குடும்பத்தின் பெயர் அதற்குரிய ஆவணத்தில் ஏறியதா என்பதே அது. இவ்வட்டாரம் அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வரலாறு இந்த அளவுகோலைத்தான் நமக்குக் கற்றுத்தருகிறது என்பது என் வாதம்.

2. மனு எழுதிய கை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இம்மாவட்டத்தில் மிராசு எனும் பரம்பரை நில உரிமை வேரோடியிருந்தது. விளைநிலத்தை மட்டுமின்றிச் சேரி அமைந்த மனையிடத்தையும் மிராசுதார் தமதெனக் கோரினார். படியாள் (கடனால் கட்டுண்ட பண்ணையாள்) வாங்கிய முன்பணம் தலைமுறை கடந்தும் கணக்கில் நின்றது. தரிசு நிலத்துக்குத் தர்க்காஸ்து (நிலம் கோரும் விண்ணப்பம்) போடத் துணிந்தவன் மறுநாள் குடிசையை இழக்கக்கூடும். குடியிருக்கும் இடம் பிறர் கையில் இருக்கும்வரை கூலியையோ பள்ளியையோ பற்றி அவனால் வாய் திறக்க முடியாது. சேரியின் மௌனத்துக்குக் காரணம் அறியாமை அன்று, மனை இல்லாமையே.

மாவட்ட ஆட்சியர் ட்ரெமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை இந்த நிலையை அரசின் முன் வைத்தது. 1892 செப்டம்பர் 30 அன்று வருவாய்த்துறை அரசாணை எண் 1010 பிறந்தது. அதன் வழியில் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட நிலமே பின்னர்ப் பஞ்சமி நிலம் என்று அறியப்பட்டது. பத்தாண்டுகளுக்குக் கைமாற்றக் கூடாது, அதன் பிறகும் அந்த வகுப்பாருக்கு மட்டுமே மாற்றலாம் என்பது நிபந்தனை. மாகாணம் முழுவதும் இவ்வாறு வழங்கப்பட்டது 12 லட்சம் ஏக்கர் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது.

இந்த மாற்றத்தில் திருச்சபைகளுக்கும் பங்கு உண்டு. செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து சுயாதீனத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூவும், திருவள்ளூர்ப் பக்கம் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடியும் தர்க்காஸ்து மனுக்களுக்குத் துணை நின்றார்கள். மிராசுதார்களின் எதிர்ப்பை அதிகாரிகளின் பார்வைக்குக் கொண்டுபோனார்கள். ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்த வரலாற்றை விரிவாக ஆராய்கிறது. மிஷனரிகள் சேரியைத் தேடிப் போனதைவிடச் சேரி மக்கள் மிஷனரிகளைத் தேடி வந்ததே முதன்மையானது என்பது அந்நூல் தரும் தெளிவு. நிலத் தகராறிலும் கடன் வழக்கிலும் எழுதவும் பேசவும் ஓர் ஆள் வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். மக்கள் கேட்டது மனு. சபை கொடுத்ததில் நிலைத்ததும் மனுவே.

இங்கே ஒரு வேறுபாட்டைக் குறிக்க வேண்டும். சிங்கப்பெருமாள்கோயிலுக்கு அருகே ஆண்ட்ரூ உருவாக்கிய மெல்ரோசாபுரம் குடியிருப்பும் அதே காலத்துப் பணிதான். ஆனால் மிஷன் அமைத்துக்கொடுக்கும் குடியிருப்பு எவ்வளவு அன்போடு நடத்தப்பட்டாலும், குடும்பம் இன்னொருவர் நிழலில்தான் வாழும். தர்க்காஸ்து வழியே கிடைக்கும் பட்டாவோ குடும்பத்தின் சொந்தப் பெயரில் நிற்கும். அடைக்கலம் தருவதும் உரிமை பெற்றுத் தருவதும் ஒரே கைகளிலிருந்து வரலாம், இரண்டும் ஒன்றல்ல.

இந்த வரலாற்றைச் சபையின் தனிப்பெருமையாக எழுதுவதும் பிழை. மதுராந்தகம் பகுதியின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1891இல் பறையர் மகாஜன சபையையும் 1893இல் 'பறையன்' இதழையும் தொடங்கினார். அவர் கிறிஸ்தவர் அல்லர். அயோத்திதாசர் பௌத்த வழியில் நின்று மிஷனரிகளையும் விமர்சித்தார். விடுதலைக்கான வேகம் மக்களிடமிருந்தே வந்தது. சபை அவ்வேகத்துக்குக் கிடைத்த கருவிகளில் ஒன்று.

3. பிடி அரிசியும் மாலை வகுப்பும்

ஆண்ட்ரூவும் கௌடியும் மிஷன் ஊழியர்கள். இன்றைய தன்னார்வலர் அப்படியல்லர் என்று ஒருவர் சுட்டலாம். சரிதான். தன்னார்வத்தின் மூலத்தை வேறிடத்தில் தேட வேண்டும். தமிழ்ச் சபைகளில் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஒதுக்கி ஞாயிறன்று ஆலயத்தில் சேர்க்கும் வழக்கம் உண்டு. கூலிவேலை செய்யும் வீட்டிலும் அந்தப் பிடி விலகாது. இதில் கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே தெருவினர். கொடுத்தவருக்கு நாளை முடியாமற்போனால் அந்த அரிசி அவர் வீட்டுக்கே திரும்பும். கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியங்களும் வின்சென்ட் தே பால் சங்கத்தாரின் வீடு சந்திப்பும், சி.எஸ்.ஐ. சேகரங்களில் பெண்கள் ஐக்கிய சங்கமும் இதே நிலத்தில் வேர் கொண்டவை.

வெளியிலிருந்து வரும் பணி இதிலிருந்து வடிவத்திலேயே மாறுபடுகிறது. சென்னையிலிருந்தோ காஞ்சிபுரத்திலிருந்தோ வாலிபர் குழு வேனில் வருகிறது. மே மாதத்தில் பத்து நாள் விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.): பாட்டு, கைவேலை, பிஸ்கட். டிசம்பரில் கேக்கும் துணியும். பிள்ளைகளுக்கு அது உண்மையான மகிழ்ச்சி. அதை இகழ்வது ஆய்வாளருக்கு அழகல்ல. ஆனால் இப்பணி குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரித்தெடுத்துப் பார்க்கிறது. ஜனவரியில் பெற்றோர் முன்பணம் வாங்கிச் செங்கல் சூளைக்குப் போனால், மே மாத வகுப்பில் அந்தப் பிள்ளை இருக்காது. சூளையில் கூலி கல்லை எண்ணித் தரப்படுவதால் கணவனும் மனைவியும் ஒரு சோடியாகக் கணக்கிடப்படுகிறார்கள். பிள்ளை காய்ந்த கல்லைத் திருப்பிப் போட்டால் எண்ணிக்கை கூடும். பிள்ளையின் வருகைப் பதிவில் விழும் கோடு உண்மையில் தகப்பன் வாங்கிய முன்பணத்தின் அடையாளம். வகுப்பு எவ்வளவு சிறந்ததாயினும் அந்தக் கோட்டை அழிக்காது.

மேலும், குழந்தைக்கு உணவும் பாடமும் தரும் கடமையை அரசு ஏற்று வெகுகாலம் ஆகிறது. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவு, 2021இல் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, 2022இல் வந்த காலை உணவுத் திட்டம் ஆகியவை சபையின் கை எட்டாத அளவில் அமைந்தவை. இல்லம் தேடிக் கல்வியே தன்னார்வலர்களை நம்பி எழுந்தது. எனவே மாலை வகுப்பை மட்டும் நடத்தும் சபை, அரசு பெரிய அளவில் செய்வதைச் சிறிய அளவில் திரும்பச் செய்கிறது.

அரசின் கை தயங்கும் இடம் வேறு. இருளர் பிள்ளைக்குப் பழங்குடிச் சான்று தருபவர் வட்டாட்சியர் அல்லர். கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். தாத்தாவின் சான்று எங்கே என்ற கேள்வி வருகிறது. தாத்தா ஏரிக்கரையில் பிறந்தவர், எந்த ஏட்டிலும் இல்லாதவர். சான்று இல்லாவிட்டால் மேல்வகுப்பு உதவித்தொகை இல்லை, மனைப்பட்டா தள்ளிப் போகிறது. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரம் வெட்டும் இடங்களில் கொத்தடிமைகளாக இருந்த இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டன. அப்படி மீட்கப்படுபவருக்கு 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் வழியே வழங்கப்படும் விடுவிப்புச் சான்றுதான் பழைய கடன் செல்லாது என்பதற்கு அவர் கையிலுள்ள ஆதாரம். அந்தத் தாள் இல்லாத மீட்பு, அடுத்த முன்பணம் வரையிலான ஓய்வு மட்டுமே. இந்தத் தாள்களுக்காக ஆறேழு முறை அலுவலகத்துக்கு உடன்போக ஒருவர் வேண்டும். பத்து நாள் வேனில் வரும் குழுவால் அது ஆகாது. அங்கேயே வாழ்ந்து பிடி அரிசி சேர்க்கும் பெண்ணால் ஆகும்.

4. ஞானஸ்நானமும் சான்றிதழும்

சபையின் கை பட்ட இடத்தில் ஒரு சட்டச் சிக்கல் எழுகிறது. தன்னார்வலர் அதை அறியாமல் இருந்தால் நன்மையே தீங்காகும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை முதலில் இந்துக்களுக்கு மட்டும் வைத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் கிறிஸ்தவரான ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காப்பு அவருக்கு இல்லை. ஊராட்சியில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய வார்டில் அவர் நிற்க முடியாது. உத்திரமேரூர் ஒன்றியத்தில் இதன் பொருள் கூர்மையானது: நிலமில்லாததால் அன்று ஓலையில் ஏறாத பெயர், ஞானஸ்நானப் பதிவேட்டில் ஏறியதால் இன்று வேட்புமனுவில் ஏற முடியாமற் போகிறது.

பழங்குடியினர் தகுதிக்கு இந்த மதக் கட்டு இல்லை. ஆகவே ஒரே தன்னார்வலர், ஒரே நாளில், இருளர் குடியிருப்பில் நடத்தும் ஜெபக்கூட்டத்துக்கும் பக்கத்துக் காலனியில் நடத்தும் ஜெபக்கூட்டத்துக்கும், அவை ஞானஸ்நானத்தில் முடிந்தால், சட்ட விளைவு வெவ்வேறு. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதி கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. அதற்கு முந்தைய ஆண்டில் ஒன்றிய அரசு நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இதை ஆராய ஆணையம் அமைத்தது. சட்டம் மாறும்வரை, சேவையை மதமாற்றத்தின் முன்வாசலாக வைப்பது மனசாட்சிக்கு ஒவ்வாதது மட்டுமன்று; பணிவிடை பெறும் குடும்பத்துக்குக் கணக்கிடத்தக்க இழப்பும் ஆகும். வகுப்புக்கு வருவதும் ஆலயத்துக்கு வருவதும் தனித்தனி என்பதை முதல் நாளே பெற்றோரிடம் சொல்வது தன்னார்வலரின் கடமை.

சபைக்குள்ளும் ஊரும் காலனியும் உண்டு. 2008இல் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் கத்தோலிக்கருக்குள்ளேயே சாதி மோதல் வெடித்து உயிர்ப்பலியில் முடிந்தது. ஊர்த்தெருவிலிருந்து காலனிக்குப் போகும் தன்னார்வலர் திரும்பி வந்ததும் தம் வீட்டுத் திண்ணையில் யாரை உட்கார வைக்கிறார் என்பதைக் காலனி கவனிக்கிறது. பிள்ளைகள் அதை இன்னும் நன்றாகவே கவனிக்கிறார்கள்.

5. ஒரு மறுப்பு

பசித்த பிள்ளையின் முன் மனு எழுதிக்கொண்டிருப்பதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. அரிசியும் மருந்தும் காத்திருக்கா. ஆனால் இரண்டையும் எதிரெதிராக நிறுத்தத் தேவையில்லை. அரிசி கொண்டுபோகும் வீட்டில்தான் ரேஷன் அட்டை இல்லை என்பது தெரியவரும். வகுப்பில் பெயரைக் கூப்பிடும்போதுதான் ஆதாரில் வேறு பெயர் இருப்பது தெரியவரும். அரிசி, வீட்டுக்குள் நுழையும் வழி. நுழைந்த பிறகு அங்கேயே நின்றுவிடுவதுதான் பிழை.

இன்னொரு மறுப்பு: உரிமை என்று இறங்கினால் பகை வரும், பணி நின்றுபோகும். இதுவும் பொய்யில்லை. பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். 1892ஆம் ஆண்டுத் தாளின் விலையை நூறாண்டு கழித்தும் அவர்கள் கொடுக்க நேர்ந்தது. ஒருவர் பெயர் கிறிஸ்தவப் பெயர், மற்றவர் பெயர் வேங்கடவன் பெயர். கேட்ட நிலம் ஒன்று. ஆபத்து உண்டு என்பதாலேயே மனு எழுதுபவர் வெளியிலிருந்து முடிவெடுக்கலாகாது. போடலாமா வேண்டாமா என்பது அந்தக் குடும்பத்தின் முடிவு.

6. கணக்கு

பராந்தகன் கல்வெட்டில் இன்னொரு விதியும் உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலைக்கு உரியவரல்லர். இன்றைய தன்னார்வப் பணியில் கணக்கு எழுதப்படாமல் இல்லை. புகைப்படங்களோடு ஆண்டறிக்கையாக நன்கொடையாளருக்குப் போகிறது. காலனிக்கு மட்டும் வருவதில்லை. தங்கள் பிள்ளைகளின் படங்கள் எந்தத் தாளில் அச்சாயின, அதற்கு எவ்வளவு வந்தது என்பது பெற்றோருக்குத் தெரியாது.

ஆகவே அளவுகோலைச் சுருக்கிச் சொல்லலாம். ஆண்டின் இறுதியில் தன்னார்வலர் குழு வேப்பமரத்தடியில் அமர்ந்து காலனிப் பெண்கள் முன்னிலையில் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லட்டும். எத்தனை குடும்பங்களின் பெயர் பட்டாவிலும் சான்றிலும் அட்டையிலும் ஏறியது? எத்தனை மனுக்களை இனி அவர்களே எழுதிக்கொள்வார்கள்? உங்கள் பெயரைச் சொல்லி எவ்வளவு வாங்கினோம், என்ன செய்தோம்? கல்லில் வெட்டிய விதி சபையார் தங்களுக்குள் காட்டவேண்டிய கணக்கைப் பற்றியது. அந்தக் கணக்கை, அச்சபைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் கேட்டு வாங்கும் நாளில், தன்னார்வலர் தம் பணியில் பாதியையேனும் முடித்தவராவார்.