விராலிமலை வட்டாரக் குன்றுகள்

விராலிமலை, திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிற்றூர். புதுக்கோட்டை மாவட்டத்தின் வடமேற்கு ஓரத்தில் இருக்கிறது. பெயரில் மலை உண்டே தவிர, இது மலைத்தொடரைச் சேர்ந்த ஊர் அன்று. கண்மாய்களும் வானம் பார்த்த புன்செயும் பரந்த சமவெளியில் ஆங்காங்கே தனித்தனியே எழுந்து நிற்கும் மொட்டைப் பாறைக் குன்றுகளில் ஒன்றின் அடிவாரம் அது. சுற்றிலும் இருக்கும் மண் காலப்போக்கில் கரைந்து போக, கெட்டியான பாறை மட்டும் எஞ்சி இக்குன்றுகள் உருவாயின. இவற்றின் இடுக்குகளில் மழைநீர் தேங்கிச் சுனையாக நின்றது. பாறைச் சரிவுகள் குகையாகவும் நிழலாகவும் பயன்பட்டன. ஈராயிரம் ஆண்டுகளாக ஆட்கள் இக்குன்றுகளில் ஏறி வருவதற்கு இவையே முதற்காரணம். இன்று காணவேண்டிய இடங்களாக அறியப்படுபவை எல்லாம் அந்த நெடிய வரலாற்றின் மிச்சங்களே.

முதலில் ஏறியவர்கள் சமணத் துறவியர். விராலிமலைக்குத் தென்கிழக்கே, அன்னவாசலை அடுத்த சித்தன்னவாசல் குன்றில் ஏழடிப்பட்டம் என்ற இயற்கைக் குகை உள்ளது. பாறையில் வெட்டிய ஏழு குழிகளில் கால் வைத்து அதை அடையவேண்டும். பெயரும் அதனால் வந்ததே. உள்ளே வழவழப்பாகச் செதுக்கிய 17 கற்படுக்கைகள், ஒவ்வொன்றுக்கும் தலைமாட்டில் சற்றே உயர்ந்த கல் தலையணை. ஒரு படுக்கையின் ஓரத்தில் கி.மு. முதலாம் நூற்றாண்டை ஒட்டிய தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. எருமை நாட்டிலிருந்து வந்த ஒருவருக்காக அப்படுக்கை செய்யப்பட்டதை அது கூறுகிறது. எருமை நாடு என்பது இன்றைய மைசூர்ப் பகுதி என்பர். அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர் தங்கும் அளவுக்கு இக்குன்று அன்றே பெயர் பெற்றிருந்தது. பிற படுக்கைகளில் பல நூற்றாண்டுகள் கழித்து வாழ்ந்த துறவியரின் பெயர்களும் காணப்படுவதால், குகை வெகுகாலம் கைவிடப்படாமல் இருந்தது தெளிவு.

அதே குன்றின் மறுபுறத்தில் குடைந்தெடுக்கப்பட்டது அறிவர் கோயில். ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இதைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. இதன் விதானத்தில் தீட்டிய தாமரைக் குளமே சித்தன்னவாசலுக்குப் புகழ் சேர்த்தது. மலர்களுக்கிடையே மீனும் அன்னமும் எருமையும் யானையும் திரிய, ஆடவர் பூப்பறிக்கின்றனர். தூண்களில் ஆடல் மகளிர் உருவங்கள் உள்ளன. காலத்தாலும் கவனிப்பின்மையாலும் வண்ணங்கள் பெரிதும் மங்கிவிட்டன. படப்புத்தகத்தைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு முதல் பார்வையில் ஏமாற்றம் ஏற்படுவது இயல்பு; இருட்டுக்குக் கண் பழகிய பிறகே கோடுகள் துலங்கும்.

ஏழு முதல் ஒன்பதாம் நூற்றாண்டு வரை இவ்வட்டாரம் பல்லவருக்கும் பாண்டியருக்கும் இடையே கைமாறிக்கொண்டிருந்தது. அவர்களுக்குக் கீழே முத்தரையரும் இருக்குவேளிரும் குன்றுதோறும் கோயில் எடுத்தனர். முத்தரையர் பணியைக் காணத் தகுந்த இடம் நார்த்தாமலை. மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை முதலிய குன்றுகள் அடங்கிய கூட்டம் இது. மேலமலைச் சரிவில் மேற்கு நோக்கி நிற்கும் விசயாலய சோழீச்சுரத்தில், சதுரமான விமானத்துக்குள் வட்டமான கருவறை அமைந்திருக்கிறது. பெயர் சோழனுடையது ஆனாலும், கல்வெட்டின்படி இதைக் கட்டியவன் சாத்தன் பூதி என்ற முத்தரையன். மழையில் இடிந்ததை மற்றொருவன் புதுப்பித்தான் என்றும் அக்கல்வெட்டே தெரிவிக்கிறது. எதிரே இரண்டு குடைவரைகள் உள்ளன. ஒன்று பழியிலி ஈச்சுரம். இன்னொன்றில் ஆளுயரத் திருமால் உருவங்கள் பன்னிரண்டு வரிசையாக நிற்கின்றன. திருமால் நிற்கும் அந்தக் குடைவரையைச் சமணர் குடகு என்று ஊரார் அழைப்பது, முன்பு அங்கே இருந்தவர்கள் யார் என்பதற்கு ஒரு சான்று. மேலேயுள்ள சுனைகளில் ஒன்றின் நீருக்கடியில் லிங்கம் இருக்கிறது. புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் அரச குடும்பத்து ராணி ஒருவர் நீரை இறைக்கச் செய்து அதை வழிபட்டதைப் பாறையெழுத்து ஒன்று குறிக்கிறது. வட்டாரத்தில் ஒரே ஒரு குன்றில்தான் ஏற நேரம் உண்டென்றால், ஏறவேண்டியது இந்த மேலமலையில்தான்.

இவ்வட்டாரத்தின் இன்னொரு குன்று குடுமியான்மலை. அங்குள்ள சிகாநாதர் கோயிலின் பின்னே, மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறை முகத்தில் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு இருக்கிறது. கிரந்த எழுத்தில் 38 வரிகள். ஏழு பண்களுக்கான சுரக் கோவைகள். உருத்திராசாரியரின் மாணவனான ஓர் அரசன் இதைச் செய்தான் என்று முடிவுரை கூறுகிறது. அவன் மகேந்திரவர்மப் பல்லவன் என்று நெடுங்காலம் கொள்ளப்பட்டது. அதை மறுப்பவரும் உண்டு.

விராலிமலைக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் கொடும்பாளூர். உறையூரிலிருந்து மதுரைக்குப் போகும் வழி இவ்வூரருகே கிளை பிரிவதைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. பெருவழியில் இருந்ததால் வணிகக் குழுவான மணிக்கிராமத்தாரும் இங்கே தங்கித் தொழில் செய்தனர். அறுபத்துமூவரில் ஒருவரான இடங்கழி நாயனார் இவ்வூரை ஆண்ட இருக்குவேளிர் மரபினர். இங்கு ஆண்ட பூதி விக்கிரமகேசரி, தன் பெயராலும் தன் தேவியர் கற்றளி, வரகுணை ஆகியோர் பெயராலும் எழுப்பிய மூன்று விமானங்களே மூவர் கோயில். இன்று நிற்பவை இரண்டு. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. சுற்றிலும் இருந்த சிறு சன்னதிகளுக்கும் அதே கதியே. ஆனால் அந்த அடித்தளங்களைச் சுற்றி நடந்தால், ஒரு வளாகம் முழுவதையும் எப்படித் திட்டமிட்டார்கள் என்பது புரியும். முழுதாக நிற்கும் கோயில்களில் அது அவ்வளவு எளிதில் புலப்படாது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ வானதியைக் கொடும்பாளூர் இளவரசியாக்கிய பின், வரலாற்றில் நாட்டமில்லாதவர்களும் இவ்வூரைத் தேடி வருகின்றனர்.

விராலிமலைக் குன்று பெயர் பெற்றது முருகனால். 207 படிகள் ஏறினால், ஆறுமுகனாக மயில் மேல் அமர்ந்த சண்முகநாதரைக் காணலாம். வயலூரில் இருந்த அருணகிரிநாதரை முருகன் இங்கே அழைத்தான், வழி தெரியாமல் நின்றவருக்கு வேடனாக வந்து வழிகாட்டினான் என்பது தலபுராணம். பதினைந்தாம் நூற்றாண்டினரான அவர் இத்தலத்தைத் திருப்புகழில் பாடியிருக்கிறார்.

இக்கோயிலில் மாலை பூசையின்போது முருகனுக்குச் சுருட்டு படைக்கிறார்கள். குமாரவாடி ஜமீனில் அமைச்சராக இருந்த கருப்பமுத்துப் பிள்ளை மலைக்கு வந்துகொண்டிருந்தபோது ஆற்றில் வெள்ளம் வழிமறித்ததாம். குளிரில் நடுங்கிச் சுருட்டுக்கு ஏங்கிய அவருக்கு யாரோ ஒருவர் சுருட்டும் நெருப்பும் கொடுத்துக் கோயில் வரை கூட வந்து மறைந்தார். சன்னதியில் பார்த்தால் சுருட்டு கிடந்தது என்கிறது கதை. பின்னர் புதுக்கோட்டை அரசர் ஒருவர் இது தகாது என்று நிறுத்த, முருகனே கனவில் வந்து தொடரச் சொன்னதாகவும் கூறுவர். கதை எப்படியாயினும் வழக்கம் இன்றும் நிற்கிறது.

கோயிலைச் சார்ந்து சதிராட்டமும் வளர்ந்தது. விராலிமலைக் குறவஞ்சியை இங்கே கோயில் ஆடல் மகளிர் ஆடி வந்தனர். அம்மரபில் பொட்டுக் கட்டப்பட்ட 32 பேரில் கடைசியானவர் எனப்படும் ஆர். முத்துக்கண்ணம்மாளுக்கு 2022-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

தொண்டைமான்களின் சமஸ்தானம் இப்பழம் இடங்களை ஆய்வுக்குரியனவாக்கிற்று. 1910-இல் புதுக்கோட்டை அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. சித்தன்னவாசல் ஓவியங்களை ராதாகிருஷ்ண ஐயர் தம் சமஸ்தான வரலாற்று நூலில் குறித்த பின், கோபிநாத ராவும் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராயும் வெளியுலகுக்கு எடுத்துச் சென்றனர். சமஸ்தானக் கல்வெட்டுகள் 1929-இல் நூலாயின. 1948-இல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்து திருச்சி மாவட்டத்தில் அடங்கியது. 1974 ஜனவரி 14-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. மூவர் கோயில், சித்தன்னவாசல், விசயாலய சோழீச்சுரம் ஆகியவை இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன.

விராலிமலைக்கு இன்னொரு அடையாளம் மயில். முருகன் வாகனம் என்று யாரும் தொடாததால் குன்றிலும் புதர்க்காட்டிலும் அவை பெருகின. 1963-இல் தேசியப் பறவை என்ற தகுதியும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அந்தக் காவலை உறுதி செய்தன. பக்தர்களுக்கு மகிழ்ச்சி, விதைத்ததையும் விளைந்ததையும் மயிலுக்குக் கொடுத்துவிட்டு நிற்கும் உழவர்களுக்கு அவ்வளவாக இல்லை. மயில்களைப் பார்க்க விடியற்காலையும் மாலையும் ஏற்ற வேளைகள்.

பொங்கலை ஒட்டிய சல்லிக்கட்டும் இவ்வூருக்குக் கூட்டம் சேர்ப்பது. 2019 ஜனவரி 20-இல் உலக சாதனை முயற்சியாக இங்கே 1,300-க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்த்து விடப்பட்டன. அன்று இருவர் உயிரிழந்தனர்.

கோடையில் இக்குன்றுகளில் காலை பத்து மணிக்கே பாறை சுட ஆரம்பித்துவிடும். நிழலுக்கு மரம் அரிது. மழை ஓய்ந்து சுனைகள் நிறைந்திருக்கும் மார்கழி, தை மாதங்களே ஏறத் தோதானவை. கொடும்பாளூரும் விராலிமலையும் ஒரு காலைப்பொழுதில் முடியும். நார்த்தாமலைக்குத் திருச்சி–புதுக்கோட்டைச் சாலையிலிருந்து பிரியும் வழியில் செல்லவேண்டும். மேலே கடை கிடையாது, குடிநீரைக் கீழிருந்தே எடுத்துச் செல்வது நல்லது.