குல்மார்க்: பருவ இறுதிப் பனிச்சறுக்கும் வசந்தகால வானிலையும்

குல்மார்க், ஜம்மு – காஷ்மீரின் பாரமுல்லா மாவட்டத்தில் பீர் பஞ்சால் மலைத்தொடரில் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள மலைவாசத்தலம். இந்தியாவின் முதன்மையான பனிச்சறுக்கு மையம். ஸ்ரீநகரிலிருந்து தங்மார்க் வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர். டிசம்பர் நடுவில் தொடங்கும் பனிச்சறுக்குப் பருவம் இங்கே மார்ச் முடிவிலோ ஏப்ரல் முதல் வாரங்களிலோ நிறைவு பெறுகிறது. மார்ச் தொடங்கி அதுவரை நீளும் வாரங்களே பருவ இறுதி. அப்போது அடிவாரத்தில் புல் தலைகாட்டத் தொடங்கியிருக்கும். உச்சியில் ஆளுயரத்துக்கு மேல் பனி கிடக்கும். ஒரே சரிவு காலையில் கண்ணாடிபோல் இறுகியும் நண்பகலில் நெகிழ்ந்தும் மாலையில் சகதியாகவும் இருக்கும். ஆகவே, பருவ இறுதியில் எங்கே சறுக்கலாம் என்பதை உயரமும், எப்போது சறுக்கலாம் என்பதைக் கடிகாரமும் தீர்மானிக்கின்றன.

அமைப்பும் உயரமும்

குல்மார்க்கின் சறுக்குப் பரப்பு மூன்று அடுக்குகள் கொண்டது. கீழடுக்கு, கோடையில் கோல்ஃப் மைதானமாகும் கிண்ணம் போன்ற புல்வெளி. புதியவர்கள் பயிலும் சாய்வுகள் இங்கேதான் உள்ளன. அதற்கு மேலே சுமார் 3,100 மீட்டரில் கொங்டூரி. அதற்கும் மேலே 4,200 மீட்டரைத் தாண்டும் அஃபர்வத் மலைமுகடு.

மூன்றையும் இணைப்பது 'கோண்டோலா' எனப்படும் கம்பிவட ஊர்தி. பிரான்சின் போமகால்ஸ்கி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் அமைந்த இதன் முதல் கட்டம் 1998இல் கொங்டூரி வரையிலும், இரண்டாம் கட்டம் 2005இல் அஃபர்வத்தின் தோள்வரை, சுமார் 3,950 மீட்டர் உயரத்துக்கும் இயங்கத் தொடங்கியது. ஜம்மு – காஷ்மீர் கேபிள் கார் கார்ப்பரேஷன் இதை நடத்துகிறது. கொங்டூரியிலிருந்து நாற்காலி இழுவையும் உண்டு.

உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அந்தக் கணக்கில் புல்வெளிக்கும் கோண்டோலாவின் மேல்நிலையத்துக்கும் இடையே எட்டு டிகிரிக்கு மேல் வேறுபாடு இருக்கும். மார்ச் கடைசியில் கீழே மழையாகப் பெய்வது மேலே பனியாக விழுவதற்கு இதுவே காரணம். முதலில் கைவிடப்படுவது கீழடுக்கு. குளிர்கால உச்சத்தில் காடுகளுக்கு நடுவே தங்மார்க், துருங், பாபா ரேஷி பக்கம் இறங்கும் வழிகள் மார்ச்சில் பாறையும் வேரும் தெரிய மூடிக்கொள்கின்றன. பயிற்சிச் சாய்வுகள் அடுத்துத் திட்டுத்திட்டாகக் கரைகின்றன. ஏப்ரலில் சறுக்குவோர் கொங்டூரிக்கு மேலேதான் போயாக வேண்டும்.

வசந்தகால வானிலை

காஷ்மீரின் குளிர்காலம் உள்ளூர் வழக்கில் மூன்று பகுதிகளாக எண்ணப்படுகிறது: டிசம்பர் 21இல் தொடங்கும் நாற்பது நாள் 'சில்லை கலான்', அடுத்த இருபது நாள் 'சில்லை குர்த்', கடைசிப் பத்து நாள் 'சில்லை பச்சா'. இந்த எழுபது நாள் கணக்கு பிப்ரவரி முடிவோடு தீர்கிறது. ஆனால் பனிப்பொழிவு அதோடு நின்றுவிடுவதில்லை.

குல்மார்க்கின் பனிக்கு மூலம் 'மேற்கத்திய இடையூறுகள்' எனப்படும் வானிலை அமைப்புகள். மத்திய தரைக்கடல் பகுதியில் உருவாகி, மேல் வளிமண்டல மேற்குக் காற்றோட்டத்தோடு ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக வரும் இவை இமயத்தில் மோதி மழையும் பனியும் பொழிகின்றன. மார்ச்சிலும் ஏப்ரலிலும் இவற்றின் வரவு தொடர்கிறது. ஒன்று கடந்துபோன பின் இரண்டு மூன்று நாள் வானம் தெளிந்திருக்கும். பிறகு அடுத்தது வரும். எனவே ஏப்ரலிலும் ஓரிரவில் உச்சியில் புதுப்பனி கனமாகச் சேர்வது உண்டு.

மாறுவது பொழிவின் தன்மை. குளிர்காலப் பனி உலர்ந்த தூளாக விழும். வசந்தகாலப் பனி ஈரம் கூடி, கனத்து விழும். நிலம் சூடேறுவதால் பிற்பகலில் இடிமேகங்கள் திரள்கின்றன. பள்ளத்தாக்கில் ஆலங்கட்டி மழையும் பலத்த காற்றும், மலைமுகட்டில் மின்னலும் இக்காலத்தின் இயல்புகள்.  

சூரியனின் உயரமும் கணக்கில் கொள்ள வேண்டியது. குல்மார்க் வடக்கு அட்சரேகை 34இல் உள்ளது. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைகள் 46ஐ ஒட்டியவை. மார்ச் 21 அன்று நண்பகலில் சூரியன் ஆல்ப்ஸில் அடிவானத்திலிருந்து சுமார் 44 டிகிரி உயரத்தில் நிற்கும். குல்மார்க்கில் 56 டிகிரி. இந்த வெயிலைத் தாங்கிப் பனி நெடுநாள் நிற்பது, அஃபர்வத்தின் உயரத்தாலும் அதன் சரிவுகள் பெரும்பாலும் வடகிழக்கு நோக்கி அமைந்திருப்பதாலும்தான்.

பனி மாறும் விதம்

புதிதாக விழுந்த பனி தன்மீது படும் ஒளியில் 80 முதல் 90 விழுக்காடு வரை திருப்பி அனுப்பிவிடும். பழைய, ஈரமான, தூசு படிந்த பனியின் திருப்பும் திறன் பாதியளவுக்கு இறங்கும். அதனால் கரையத் தொடங்கிய பனி மேலும் விரைவாகக் கரைகிறது.

பகலில் மேற்பரப்பு கரைந்து நீர் கீழே கசிகிறது. இரவில் அது மீண்டும் உறைகிறது. இந்தச் சுழற்சி சில நாள் தொடர்ந்தால் பனியின் நுண்ணிய கிளைகள் அழிந்து, உருண்டையான பெரிய பரல்களாக மாறுகின்றன. பார்க்கவும் அள்ளவும் பச்சரிசிக் குருணையை ஒத்திருக்கும் இதைச் சறுக்கு வீரர்கள் 'கார்ன்' என்கிறார்கள். இரவில் இறுகிய அடித்தளத்தின் மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் இளகி நிற்கும் வேளை, வசந்தகாலச் சறுக்கலுக்கு மிக உகந்தது. பலகையின் விளிம்பு எளிதில் பிடிக்கும். திரும்பும்போது சறுக்கி விழும் அச்சம் குறையும். இளகல் கணுக்கால் அளவுக்கு இறங்கினால் அந்தச் சரிவை விட்டு வெளியேற வேண்டும்.

நல்ல உறைவுக்குத் தேவை தெளிந்த இரவு. மேகமற்ற வானத்தில் பனிப்பரப்பு தன் வெப்பத்தை விண்ணுக்கு இழப்பதால், காற்று சுழியத்துக்குச் சற்று மேலே இருந்தாலும் பனி உறைந்துவிடும். மேகம் மூடிய இரவில் காற்று குளிர்ந்திருந்தாலும் பனி சரியாக இறுகாது. வழிகாட்டிகள் காலையில் பனியைக் குச்சியால் குத்திப் பார்ப்பது இதை அறியத்தான்: குச்சி 'டக்'கென்று நின்றால் இரவு உறைந்திருக்கிறது, சொருகிக்கொண்டு போனால் அன்றைய நாள் ஐயத்துக்குரியது.

ஒரு நாளின் ஒழுங்கு

குளிர்காலத்தில் பகல் முழுதும் சறுக்கலாம். பருவ இறுதியில் அதற்குரிய நேரம் சில மணிகளாகச் சுருங்குகிறது. விடியற்காலையில் சரிவு முழுதும் பனிக்கட்டியாக இருக்கும். அதில் இறங்குவது தேர்ந்தவர்களுக்கும் கடினம். வெயில் முதலில் படும் கிழக்குச் சரிவுகள் முதலில் இளகும். அடுத்துத் தெற்கு, பிறகு மேற்கு. நிழலில் கிடக்கும் வடக்குச் சரிவுகள் கடைசியில். பழகியவர்கள் இந்த வரிசையிலேயே சரிவுகளை மாற்றிக்கொண்டு, நண்பகலை ஒட்டி இறங்கிவிடுவார்கள். வடக்குப் பக்கத்துப் பள்ளங்களில் புதுப்பனி தூளாகவே சில நாள் தங்கியிருப்பதால், வசந்தத்திலும் குளிர்காலச் சறுக்கலைத் தேடுவோர் அங்கே போகிறார்கள்.

காற்று பலமாக வீசினாலோ, மின்னல் தென்பட்டாலோ, புதுப்பனி மிகுதியாகச் சேர்ந்தாலோ கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் நிறுத்தப்படும். கீழடுக்கில் பனி இல்லாத ஏப்ரலில் இது அந்த நாளையே இழப்பதற்குச் சமம். காற்றின் ஆபத்து பனிக்காலத்தோடு முடிவதுமில்லை: 2017 ஜூன் 25 அன்று பலத்த காற்றில் மரம் சாய்ந்து கம்பிவடத்தின் மேல் விழுந்ததில் ஏழு பேர் உயிரிழந்தனர்.

பனிச்சரிவு ஆபத்து

அஃபர்வத்தின் மேற்பரப்பில் பெரும்பகுதி சீர்செய்யப்படாத திறந்த மலை. கோண்டோலாவை ஒட்டிய பகுதியைச் சறுக்குக் காவல் குழு கண்காணிக்கிறது. அதற்கு அப்பால் செல்வோர் தம் பொறுப்பில் செல்கிறார்கள். 2010 பிப்ரவரி 8இல் கிலன்மார்க் பகுதியில் நேர்ந்த பனிச்சரிவில், உயர்மலைப் போர்ப் பள்ளியில் பயிற்சி பெற்றுவந்த படையினர் 17 பேர் இறந்தனர். 2023 பிப்ரவரி 1இல் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரி 22இல் ரஷ்ய நாட்டவர் ஒருவரும் பலியாயினர்.

இவை நடுக்குளிர்காலத்தில் நேர்ந்தவை. அப்போது காரணம் பெரும்பாலும் புதுப்பனியின் சுமையும் காற்று குவித்த பனிப்பலகைகளும். வசந்தத்தில் பனிச்சரிவின் காரணம் நீர். பனிப்படலம் மேலிருந்து அடிவரை சுழிய டிகிரியை அடைந்ததும் கசியும் நீர் அடுக்குகளின் பிடிப்பைத் தளர்த்துகிறது. உலர்பனிச் சரிவைவிட ஈரப்பனிச் சரிவு மெதுவாக நகரும். ஆனால் அதன் எடை அதிகம். நின்றபின் கற்காரைபோல் இறுகிவிடும். தொடர்ந்து இரண்டு மூன்று இரவுகள் உறையாமல் போவது, பனியின் மேல் மழை பெய்வது, சரிவில் பனி உருண்டைகள் தாமாக உருண்டு இறங்குவது ஆகியவை முன்னறிகுறிகள். கண்காணிப்பு எல்லைக்கு வெளியே செல்வோர், புதையுண்டவரைக் கண்டறிய உதவும் பீக்கன் கருவி, துழாவு கம்பி, மண்வாரி ஆகியவற்றையும் அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த துணையையும் கொண்டே செல்ல வேண்டும்.

வரலாறு

குல்மார்க்கில் பனிச்சறுக்கை அமைப்பாக நடத்தத் தொடங்கியவர்கள் பிரிட்டிஷ் படை அதிகாரிகள். 1927இல் இந்தியச் சறுக்குக் கழகம் இங்கே தொடங்கப்பட்டது. அதன் பெரிய கூடுகைகள் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் ஆகிய இரு வேளைகளில் நடந்தன. ஈஸ்டர் மார்ச் 22க்கு முன் வராது. பருவ இறுதிச் சறுக்கல் இங்கே தொடக்கத்திலிருந்தே இருந்த வழக்கம் என்பதற்கு இது சான்று. இழுவை வசதி இல்லாத அக்காலத்தில் ஏறுவதும் தம் காலாலேயே. 1948இல் படையினருக்கான சறுக்குப் பள்ளி தொடங்கப்பட்டு, பின்னர் உயர்மலைப் போர்ப் பள்ளியாக வளர்ந்தது. 1960களின் இறுதியில் பொதுமக்களுக்கான இந்தியச் சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனம் வந்தது. இப்பகுதியைச் சேர்ந்த ஆரிஃப் கான் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் கலந்துகொண்டார்.

தள்ளிப்போகும் பருவம்

அண்மை ஆண்டுகளில் பனி பிந்தி வருவது குல்மார்க்கின் பெருங்கவலை. 2024 ஜனவரியின் பெரும்பகுதியில் புல்வெளி பனியின்றிக் காய்ந்து கிடந்தது. மாதக் கடைசியிலேயே பனி விழுந்தது. 2025 பிப்ரவரி 22 முதல் 25 வரை நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் குல்மார்க் போட்டிகள் பனிப் பற்றாக்குறையால் ஒத்திவைக்கப்பட்டு, பிறகு வந்த பொழிவை நம்பி மார்ச் 9 முதல் 12 வரை நடந்தன. பருவத்தின் ஓரமாகக் கருதப்பட்ட மார்ச், போட்டிகளைத் தாங்கும் மாதமாகியிருக்கிறது.

இதைப் பருவம் நீள்வதாகக் கொள்ள இயலாது. சில்லை கலானில் விழும் பனி குளிரில் இறுகி அடித்தளமாகிறது. மார்ச்சில் விழுவது அம்மாத வெயிலிலேயே கரையத் தொடங்குகிறது. அடித்தளம் மெல்லியதாக இருக்கும் ஆண்டில் கடைசி வாரங்களும் விரைவில் தீர்ந்துவிடும். சறுக்குப் பலகை வாடகைக்கு விடுவோர், பயிற்றுநர்கள், 'ஸ்லெட்ஜ்' வண்டி இழுப்போர் ஆகியோரின் வருமானம் இந்த வாரங்களை நம்பியிருக்கிறது. அஃபர்வத்தின் பனி உருகிய நீர் நிங்கல் ஓடையாகி ஜீலத்தில் சேர்வதால், கீழே உள்ள பழத்தோட்டங்களுக்கும் இந்தப் பனி முக்கியம்.

இந்தியாவின் பிற மையங்கள்

உத்தராகண்டின் அவுலி சுமார் 2,500 முதல் 3,050 மீட்டர் வரை உள்ளது. உயரம் குறைவானதால் மார்ச்சிலேயே பருவம் தளர்கிறது. 2011இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்த இவ்விடத்தில் செயற்கைப்பனிக் கருவிகள் அமைக்கப்பட்டன. மணாலியை அடுத்த சோலங்கிலும் பருவம் இவ்வாறே முன்னதாகத் தளர்கிறது. சுமார் 3,980 மீட்டர் உயரமுள்ள ரோதாங் கணவாயில் கோடைத் தொடக்கத்திலும் பனி கிடைக்கும்; ஆனால் அங்கே குல்மார்க்குக்கு நிகரான இழுவை வசதி இல்லை.

திருவனந்தபுரத்திலிருந்து பயணம்

கன்னியாகுமரியிலிருந்து கட்ரா செல்லும் வாராந்திர ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ், தம்பானூரில் உள்ள திருவனந்தபுரம் சென்ட்ரல் நிலையம் வழியாகச் செல்கிறது. மொத்தத் தொலைவு 3,700 கிலோமீட்டருக்கு மேல். பயணம் மூன்று நாள் அளவுக்கு நீளும். 2025 ஜூன் 6இல் கட்ரா – ஸ்ரீநகர் இடையே ரயில் சேவை தொடங்கப்பட்டதால், முன்பு ஒரு பகுதியையாவது சாலையில் கடக்க வேண்டியிருந்த அத்தொலைவையும் இப்போது தண்டவாளத்திலேயே கடக்கலாம். ஸ்ரீநகரில் துலிப் தோட்டம் திறக்கும் மார்ச் கடைசி வாரம், மேலே சறுக்கவும் கீழே பூப்பார்க்கவும் ஒருசேர வாய்க்கும் காலம்.

கடல் மட்டத்திலிருந்து வருவோர் உடனே கோண்டோலாவின் இரண்டாம் கட்டத்தில் ஏறக் கூடாது. 3,950 மீட்டரில் தலைவலியும் மூச்சுத்திணறலும் வரக்கூடும். குல்மார்க்கில் ஓரிரவு தங்கிய பின் ஏறுவது நல்லது. ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு என்ற கணக்கில் புற ஊதாக்கதிர் கூடுவதோடு பனியும் அதைத் திருப்பி அடிப்பதால், கறுப்புக் கண்ணாடியும் வெயில் களிம்பும் கம்பளிச் சட்டைக்கு நிகரான தேவைகள். ஏப்ரலில் போவோர் முதல் நாளே கோண்டோலாவின் மேல்கட்டம் இயங்குகிறதா என்று கேட்டறிந்து, கையில் இரண்டு மூன்று நாள் கூடுதலாக வைத்துக்கொண்டால் ஒரு தெளிந்த காலையாவது கிடைக்க வாய்ப்பு அதிகம்.