திருடன் சீட்டு

எங்கள் பக்கம் பிள்ளைகள் வகுப்பறைக்குள் விளையாடியதற்குக் காரணம் மழை இல்லை, வெயில். கேரளத்தில் வளர்ந்த நண்பர்கள் மழை நாளின் வகுப்பறை விளையாட்டுகளைப் பற்றிச் சொல்லும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். கொடைக்கானல் மலை ஒரு பக்கம், சிறுமலை இன்னொரு பக்கம். மேகமெல்லாம் அங்கேயே நின்றுவிடும். கீழே திண்டுக்கல் சமவெளியில் பங்குனி, சித்திரை மாதங்களில் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் மைதானத்துப் புழுதியில் வெறுங்காலை வைக்க முடியாது. "உள்ள உக்காந்து எதையாவது வெளையாடுங்கடா, சத்தம் மட்டும் வரக்கூடாது" என்று டீச்சர் சொல்லிவிடுவார்.

சத்தம் வராமல் நாற்பது பிள்ளைகள் என்ன விளையாட முடியும்? நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து ஐந்து சீட்டு எழுதினால் ராஜா ராணி. ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன். குலுக்கிப் போட்டு ஆளுக்கொன்று எடுக்கணும். போலீஸ் சீட்டு வந்தவன் எழுந்து, மற்ற நாலு மூஞ்சியையும் பார்த்துத் திருடன் யாரென்று சொல்லணும். தப்பாகச் சொன்னால் அவன் மார்க் திருடனுக்குப் போய்விடும். புத்தக கிரிக்கெட், பெயர்-ஊர்-விலங்கு-பொருள், சாக்பீஸால் தரையில் கட்டம் போட்டு ஆடுபுலி ஆட்டம் இதெல்லாம் உண்டு. மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆடுகளுக்குப் புளியங்கொட்டை, புலிகளுக்கு உடைந்த சிலேட்டுத் துண்டு.

இந்த விளையாட்டுகளை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று அப்போது யாரும் கேட்டதில்லை. ரொம்ப வருஷம் கழித்து உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படித்தபோது ஒரு இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த நூல் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் திண்ணைப் பள்ளியை அதில் எழுதுகிறார். மாலையில் வீட்டுக்கு அனுப்பும் முன் உபாத்தியாயர் பிள்ளைகளுக்குப் பூ, விலங்கு, ஊர் என்று பெயர்களைச் சொல்லி அனுப்புவாராம். மறுநாள் மறக்காமல் வந்து சொல்ல வேண்டும், ஞாபக சக்திக்கான பயிற்சி. அட, இது நம்ம பெயர்-ஊர்-விலங்கு-பொருள் ஆச்சே! ஒன்றிலிருந்துதான் மற்றது வந்தது என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே பிரம்புக்குப் பயந்து மனப்பாடம் செய்த அதே பட்டியலை இங்கே நாங்கள் சிரித்துக்கொண்டே, யாரும் கேட்காமலே எழுதினோம்.

திண்ணைப் பள்ளியைப் பொன்னாக்கிப் பேசுகிறவர்கள் இப்போது அதிகம். கோதண்டம் என்ற தண்டனையைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை. பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிட்டு அடிப்பது அது. யாருக்கெல்லாம் அந்தத் திண்ணையில் ஏற முடிந்தது என்பதையும் பேசுவதில்லை. ஆனாலும் அந்த முறையில் ஒரு விஷயம் இருந்தது. மூத்த பிள்ளை, அதாவது சட்டாம்பிள்ளை, இளைய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பான். மணலில் விரலால் எழுதுவார்கள். 1789ல் சென்னை எழும்பூர் ராணுவ அநாதை விடுதிப் பள்ளியின் பொறுப்புக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இங்கே ஒரு பள்ளியில் மணல் எழுத்தைப் பார்த்தார். தன் பள்ளியில் அதைப் புகுத்தினார். பிள்ளையே பிள்ளைக்குப் பாடம் சொல்லும் ஏற்பாட்டையும் செய்தார். 1797ல் லண்டனில் புத்தகமாக்கினார். இங்கிலாந்தில் அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பேர். ஒரு வாத்தியாரை வைத்து நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்குச் சிக்கனமாகப் பாடம் சொல்லலாம் என்பதுதான் அங்கே அதற்கு இருந்த மவுசு. குழு இருந்தது, விளையாட்டு இல்லை.

அடுத்த திருப்பம் எங்கள் மாவட்டத்திலேயே நடந்தது என்பது எனக்குத் தெரியவே தெரியாது. 1939ல் மரியா மாண்டிசோரி அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் ஆசிரியர் பயிற்சி நடத்த வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போவதாகத்தான் ஏற்பாடு. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் அவர் எதிரி நாட்டுக்காரர் ஆகிவிட்டார். மகன் மரியோவைப் பிடித்து அகமத்நகர் முகாமில் வைத்தார்கள். அம்மாவின் எழுபதாவது பிறந்த நாளுக்கு அவரை விடுவித்தார்கள். 1942 முதல் இரண்டு வருஷம் போல இருவரும் இருந்தது கொடைக்கானலில். அப்போது மதுரை ஜில்லா, 1985க்குப் பிறகு திண்டுக்கல் மாவட்டம். வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒரே அறையில் உட்கார வைத்து, கையில் பொருளைக் கொடுத்து, அவரவர் வேகத்தில் அவர்களே கற்கும்படி விட்டார். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான அவருடைய யோசனைகள் பலவும் அந்த மலையில்தான் உருவாயின.

மலையிலிருந்து சமவெளிக்கு பஸ்ஸில் மூணு, நாலு மணி நேரம். அந்த யோசனை கீழே இறங்கி எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வர அறுபத்தைந்து வருஷம் ஆனது. அதுவும் நேராக வரவில்லை, ஆந்திரா போய்ச் சுற்றி வந்தது.

இடையில் சமவெளியில் வேறொரு முயற்சி நடந்தது. 1947 அக்டோபரில் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளபட்டியை ஒட்டி காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். அவர் டி.வி.எஸ். குடும்பத்துப் பெண், மருத்துவர். இவர் சாந்திநிகேதனில் தாகூரிடம் படித்துவிட்டு காந்தியிடம் போனவர். 1937 வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்விதான் அங்கே அடிப்படை. ராட்டை, தோட்டம், கூட்டுப் பிரார்த்தனை, கை வேலை வழியாகக் கணக்கும் மொழியும். எனக்கு காந்திகிராமத்தின் மேல் மரியாதை உண்டு. எங்கள் வீட்டில் பாதிப் பேர் கஸ்தூரிபா ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். ஆனால் ஒன்று உறுத்தும். சின்னாளபட்டி சுங்குடிக்கும் தறிக்கும் பேர் போன ஊர். பள்ளி விட்டு வந்ததும் தார் சுற்ற உட்காருகிற பிள்ளைக்கு, பள்ளியிலும் நூலைக் கொடுத்தால் அது எப்படி விளையாட்டாகும்? நகரத்துப் பிள்ளைக்கு ராட்டை புதுசு. தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அது வீடு.

இனி என் கதைக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் தமிழக ஆசிரியர்களுக்குக் 'கற்றலில் இனிமை' என்று பயிற்சிகள் நடந்தன. பாட்டு, ஆட்டம், பொம்மை, குழு விளையாட்டு. நான் நாலாவது படிக்கையில் எங்கள் டீச்சர் அந்தப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, பெஞ்ச் இல்லாத வகுப்பில் எங்களை வட்டமாக நிற்க வைத்தார். எல்லோரும் பக்கத்து ஆளின் கையைப் பிடிக்கணும். ஒருத்தர் கையை அழுத்தினால் அந்த அழுத்தம் சங்கிலியாக வட்டம் முழுக்கச் சுற்றி வரணும். நடுவில் நிற்பவன் அது எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிக்கணும்.

அழுத்தம் ஒரே இடத்தில் நின்றுகொண்டே இருந்தது. காலனியிலிருந்து வந்த ஒரு பையனுக்கு இரண்டு பக்கமும். இந்தப் பக்கத்துப் பெண் அவன் கையைப் பிடிக்காமல் சட்டைக் கையின் நுனியைப் பிடித்திருந்தாள். அந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன். நான் ஒரு பென்சிலை நீட்டி அதன் மறுமுனையை அவனைப் பிடிக்கச் சொல்லியிருந்தேன். வீட்டில் யாரும் எனக்கு அப்படிச் செய் என்று சொல்லிக்கொடுத்ததாக ஞாபகம் இல்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவன் பென்சிலின் முனையைச் சரியாகப் பிடித்திருந்தான், அதற்கும் பழகினவன் மாதிரி.

டீச்சர் பார்த்தார். திட்டவில்லை. "சரி உக்காருங்க, சீட்டு வெளையாடலாம்" என்றார். அதன் பிறகு அந்த வருஷம் முழுக்க வகுப்பில் ராஜா ராணிதான். டீச்சரே சீட்டு எழுதி, டீச்சரே ஐந்து ஐந்து பேராகப் பிரித்துவிடுவார். அந்தப் பையனுக்கு நிறைய தடவை ராஜா வந்தது. டீச்சர் வேண்டுமென்றே மாற்றினாரா, தொந்தரவு வேண்டாமென்று தப்பித்தாரா என்பதை நான் பல விதமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். கையைப் பிடிக்கத் தேவையில்லாத விளையாட்டு அது. எனக்கு அது வசதியாக இருந்தது.

2003ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளி கிராமங்களில் நடத்திவந்த முறையைப் பார்த்து, 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். அதற்கு முன்பே வேலூர்ப் பக்கம் கொத்தடிமையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்கான பள்ளிகளில் இதற்கான விதை போட்டவர் அவர். 2007-08ல் மாநிலம் முழுக்க 37,000க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு அது வந்துவிட்டது. என் அக்கா அப்போது வேடசந்தூர் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. லீவில் போனபோது அவள் வகுப்பைப் பார்த்தேன். மேஜை இல்லை, நாற்காலி இல்லை, எல்லோரும் பாயில். சுவரின் கீழ்ப்பகுதி முழுக்கக் கரும்பலகை, பிள்ளை உயரத்துக்கு. தலைக்கு மேல் கம்பிப் பந்தல், அதில் பிள்ளைகள் வரைந்த தாள்கள். ஒன்று முதல் நாலு வரை எல்லா வகுப்பும் கலந்து. சுவரில் ஏணிப்படி என்று ஒரு அட்டவணை. தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்து, அந்தச் சின்னம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து எடுத்து, அந்தச் சின்னத்துக்குரிய குழுவில் போய் உட்காரணும். ஆசிரியர் துணையோடு ஒரு குழு, சக மாணவர் துணையோடு ஒரு குழு, தானே கற்கும் குழு, இப்படி ஆறு. பெல் துரையின் சட்டாம்பிள்ளையும் கொடைக்கானல் அம்மாவின் பொருள்களும் ஒரே பாயில்.

"நல்லா இருக்கா?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"ரெக்கார்டு எழுதியே கை போகுதுடா தம்பி. பெத்தவங்க வந்து, என்ன டீச்சர் எந்நேரமும் வெளையாட்டாவே இருக்குங்கறாக. ரெண்டு பேரு டி.சி. வாங்கி இங்கிலீஷ் மீடியம் போயிட்டாக." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா ஒண்ணு. யாரு யாரு கூட உக்காரணும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அட்டை சொல்லிரும். மொயல் அட்டைன்னா மொயல் அட்டைக் குழுவுல போயி உக்காந்துதான் ஆகணும். மொத மாசம் ரெண்டு மூணு பேரு தள்ளித் தள்ளி உக்காந்தாக. அப்புறம் அட்டைய முடிக்கிற அவசரத்துல மறந்துட்டாக."

வகுப்பில் மறந்தது வெளியிலும் மறந்ததா என்று கேட்டேன். "அத நான் என்னத்தக் கண்டேன், நாலு மணிக்கு எனக்கு பஸ்சு" என்றாள்.

செயல்வழிக் கற்றல் பிறகு மெல்லத் தேய்ந்தது. 2012ல் முப்பருவ முறை வந்து புத்தகங்கள் மாறின, அட்டைகளும் அதற்கேற்ப மாறின, எண்ணிக்கை சுருங்கியது. குறைகள் நிஜமானவை. ஒரே படியில் மாதக் கணக்கில் நின்ற பிள்ளைகளை அக்காவே பார்த்திருக்கிறாள். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் தொடங்கியபோது பாட்டும் பொம்மையும் கதையும் குழு ஆட்டமும் மறுபடி வந்தன. இப்போது குழுக்களுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பேர். பதினைந்து வருஷத்துக்கு ஒரு தடவை இந்த மாநிலம் பிள்ளைகள் விளையாடுவார்கள் என்பதைப் புதிதாகக் கண்டுபிடிக்கிறது என்று அக்கா கிண்டல் செய்வாள். கிண்டல் செய்துகொண்டே முகமூடி வெட்டுவாள்.

போன மே மாதம் அவள் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தோம். பழைய பள்ளி அட்டைகள் ஒரு மூட்டை. பாதி செல்லரித்துப் போயிருந்தன. வெளியே சரியான வெயில். தெருப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் கூடத்தில் உட்கார்ந்து அந்த அட்டைகளைப் பிரித்து வைத்து ஏதோ விளையாட ஆரம்பித்தார்கள். விதி என்ன என்று கேட்டேன். முயல்தான் ராஜாவாம். குடை போலீசாம். திருடன் யார் என்று கேட்டதற்கு, "அத சொல்லக் கூடாது மாமா, நீங்களும் உக்காருங்க" என்று ஒரு அட்டையைக் கவிழ்த்து என் கையில் கொடுத்தது ஒரு பிள்ளை.