நிறைமாத உபாதைகள்: செவிலியர் பராமரிப்பு

கர்ப்பத்தின் 28ஆம் வாரத்திலிருந்து பேறு வரை தோன்றும் நெஞ்செரிச்சல், முதுகுவலி, கால்வீக்கம், மலச்சிக்கல் போன்றவற்றைத் தணிக்கும் கவனிப்பு. தமிழகக் கிராமங்களில் இதற்கு முதலில் கைகொடுப்பவர் கிராம சுகாதார செவிலியர்.

புரோஜெஸ்டிரான் சுரப்பு உணவுக்குழாயின் கீழ்த்தசையைத் தளர்த்துகிறது. வளர்ந்த கருப்பை இரைப்பையை மேல்நோக்கி நெருக்குகிறது. நெஞ்செரிச்சல் வருவது இதனால்தான். கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை உண்பதும், உண்டவுடன் படுக்காதிருப்பதும் பலருக்குப் போதும். இரும்புச்சத்து மாத்திரை மலச்சிக்கலைக் கூட்டக்கூடும். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. தண்ணீர், கீரை, பழம், நடை ஆகியவற்றைக் கூட்ட வேண்டும்.

மல்லாந்து படுத்தால் கருப்பை பெருஞ்சிரையை அழுத்தித் தலைசுற்றல் வரலாம். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்துக்கொள்வது முதுகுக்கும் இதம். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால் காலை நீட்டிப் பாதத்தை முழங்கால் பக்கமாக மடக்க வேண்டும்.

மாலையில் கணுக்கால் சற்று வீங்குவது இயல்பு. முகமும் கையும் திடீரென வீங்குவது அப்படியல்ல. விடாத தலைவலி, பார்வை மங்கல், 140/90 அல்லது அதற்கு மேற்பட்ட ரத்த அழுத்தம் ஆகியவை கர்ப்பகால வலிப்புக்கு முன்னறிகுறியாகலாம். ‘எல்லோருக்கும் வருவதுதானே’ என்று வீட்டார் நாள் கடத்துவதுதான் பேராபத்து. தயங்காமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.